கண்ணாடிக்குள்ளிருந்து சிவகாசி வெயிலுக்கு: நீலக் கொடிவேலி வந்த வழி

1961 ஜனவரியில் என் தங்கை கிரேஸ் ஒரு கார்டு போட்டாள்: "செடி சாகுது. உடனே வாங்க." அவள் சிவகாசியில் நர்ஸ், நான் விருதுநகரில் தாவரவியல் வாத்தியார். காலை எட்டரை மணி பஸ், பதினாறு மைல், அறுபது நயா பைசா. ஒன்பதரைக்கு இறங்கிவிட்டேன்.

அது நீலக் கொடிவேலி. நம் வேலியோரத்து வெள்ளைக் கொடிவேலிக்குப் பங்காளி. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, கப்பலேறிச் சீமைக்குப் போய், பனி தாங்காமல் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த செல்லப்பிள்ளை. பிறகு கொடைக்கானல் பங்களா ஒன்றின் கண்ணாடி வீடு. அங்கிருந்து தொட்டியோடு இறங்கி, கிரேஸின் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் வந்தது. சீமையிலிருந்து வந்து முப்பது வருஷம் இங்கே வைத்தியம் பார்த்த அவர், மார்ச் கடைசியில் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். அதற்குள் அது பூப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு, வளர்க்கும் முறையையும் எழுதி கிரேஸிடம் ஒப்படைத்திருந்தார்.

போய்ப் பார்த்தால், பழைய ஜன்னல் கண்ணாடிகளைச் சுற்றிலும் மேலேயும் அடைத்து, செடியை உள்ளே வேகவைத்திருந்தாள்!

"குளிர்காலத்துல கண்ணாடிக்குள்ள வைக்கணும்னு எழுதியிருக்காகண்ணே. அதான் செஞ்சேன்."

சீட்டில் எழுதியதை இம்மியும் மாற்றாத நர்ஸ் புத்தி. நான் மட்டும் என்ன கெட்டி, "நிழல்ல வை" என்றேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் சிரித்துவிட்டார். மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்.

"ஏன் சார், மத்தாப்பே வெயில்ல காயாம வேலைக்காகாது இந்த ஊருல. இத மட்டும் பொத்திப் பொத்தி வைக்கீக! வெளிய எடுத்து வைங்க."

காய்ந்த கிளைகளை ஒரு முழம் விட்டு வெட்டினேன். கிரேஸ் அழுதேவிட்டாள். எனக்கும் உள்ளூரப் பயம்தான். தொட்டியை வெயிலில் வைத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

டாக்டரம்மா கிளம்பும் நாளில் மறுபடி போனேன். கிரேஸ் வீட்டு வாசலெல்லாம் நீலம். கொத்துக்கு நடுவில் நின்றபடி அவர் சொன்னார்: "எங்க ஊர்ல இத கண்ணாடிக்குள்ளயேதான் பாத்திருக்கேன் கிரேஸ். வெயில்ல நிக்கிறத இப்பத்தான் பாக்கேன்."

இந்தச் செடி வளர்க்க நினைப்பவர்களுக்கு: நல்ல வெயில் வேண்டும், தயங்காமல் வெட்ட வேண்டும். புதுக் கிளையில்தான் பூக்கும். ஒரு எச்சரிக்கை, பூவின் காம்புப் பக்கம் பிசுபிசுவென்று இருக்கும், உரசினால் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

டாக்டரம்மா ரயிலேறும்போது அவர் சட்டைக் கை மடிப்பில் மூன்று நீலப் பூக்கள் ஒட்டியிருந்தன. அவர் கவனிக்கவில்லை. தட்டிவிடப் போன என் கையைக் கிரேஸ் பிடித்துக்கொண்டாள்.