ஐந்தாம் மாடி இன்ஷிராஹ் கிளம்பிய வாரம்

எங்கள் கட்டடத்தில் இன்ஷிராஹ் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஐந்தாம் மாடியிலேயே நர்ஸ் இருக்கும்போது எதற்காக மருந்துக்கடைக்காரனிடம் போய் இடுப்பைக் காட்டுவது? இருபத்திரண்டு வயதில் மணப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாளே காவல்காரரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டினார்கள். அன்று எடுத்த ஊசியை இருபத்தொரு வருடமாக அவள் கீழே வைக்கவில்லை. காசு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் தட்டில் ஏதாவது வைத்து அனுப்புவோம். அவள் அந்தத் தட்டில் வேறு ஏதாவது வைத்துத் திருப்பி அனுப்புவாள். அலெக்ஸாண்ட்ரியாவில் யாரும் அடுத்த வீட்டுத் தட்டைக் காலியாகத் திருப்பமாட்டார்கள்.

அவள் கணவன் ஷௌகி துறைமுகத்தில் குளிர்கிடங்கு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். நல்லவன்தான், ஆனால் வாய் ஓயாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னை ரஷாவின் அம்மா என்பதால் உம்மு ரஷா என்று கூப்பிடுவார்கள். இரண்டாம் மாடிக்காரியின் மகன் பெயர் வாயில், அதனால் அவள் உம்மு வாயில். எங்கள் கட்டடத்தில் பிள்ளையின் பெயரால் கூப்பிடப்படாத பெண் இன்ஷிராஹ் ஒருத்திதான். சின்னவர்களுக்கு அவள் 'அக்கா', எங்களுக்கு வெறும் இன்ஷிராஹ்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்த அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும்.

என் வீடு நாலாம் மாடி, அவள் வீட்டுக்கு நேர் கீழே. அவள் கொடியில் தொங்கும் துணி சொட்டினால் என் கொடியில்தான் விழும். ரஷா கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பூவேலை செய்த ரோஸ் நிறப் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டிருந்தேன். மேலேயிருந்து பிளீச்சிங் தண்ணீர் சொட்டி, விரிப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பால்கனியில் நின்று, தெருவே கேட்கும்படி மேலே பார்த்துக் கத்தினேன்.

"கட்டிக்கொடுக்க ஒரு பொண்ணைப் பெத்திருந்தா உனக்குத் தெரியும்டி!"

அவள் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் ஏறி இறங்கிய டாக்டர் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை நானே துணைக்குப் போயிருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் என் கணவர் ஹாஜி ரம்ஸிக்குச் சர்க்கரை வியாதி, தினமும் காலையில் அவள்தான் ஊசி போடுவாள். கை நடுக்கம், பார்வையும் மட்டு, தானே போட்டுக்கொள்ள முடியாது. எனக்கோ ஊசி என்றாலே பயம். சண்டைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். இன்ஷிராஹ்! வாசலில் நின்று சுவரைப் பார்த்து ஸலாம் சொன்னாள், உள்ளே போய் ஹாஜியாருக்கு ஊசி போட்டாள், அவரிடம் கால் வீக்கம் பற்றி விசாரித்தாள், போய்விட்டாள். நாலு வருடம், தினமும் காலை, இதே கதை. அவள் ஸலாம் சொன்ன சுவருக்குப் பதிலாக நான் பதில் ஸலாம் சொல்வேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளைவிட நான் பதினைந்து வயது மூத்தவள், அந்தத் திமிர். அந்த வருடப் பெருநாளுக்கு என் சீர்வரிசைத் தட்டுகளில் ஒன்றை எடுத்தேன். நீலக்கரை போட்டது, பன்னிரண்டு கொண்ட செட். அதில் பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட்டை அடுக்கி, ஹாஜியார் கையில் கொடுத்து மேலே அனுப்பினேன். எங்களூர்ப் பெண்களுக்கே உரிய முட்டாள்தனம் இது, வாயால் சொல்ல வேண்டியதைத் தட்டில் வைத்து அனுப்புவது. தட்டு நிரம்பி வந்தால் சமாதானம், காலியாக வந்தால் ஜென்மப் பகை. அவள் இரண்டையும் செய்யவில்லை, தட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். என் செட்டில் பதினொன்றுதான் என்பது கட்டடத்துக்கே தெரியும்.

அவர்கள் கனடாவுக்குப் போகும் செய்தியை உம்மு வாயில்தான் சொன்னாள். துறைமுகக் கிடங்கை மூடிவிட்டார்கள். ஷௌகிக்கு நாற்பத்தேழு வயது, இங்கே யார் வேலை கொடுப்பார்கள்? ஐந்து வருடத்துக்கு முன் போட்ட மனுவுக்கு இப்போதுதான் அனுமதி வந்திருக்கிறது. ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் மீன் உறைய வைக்கும் தொழிற்சாலை. இன்ஷிராஹின் நர்ஸ் சான்றிதழ் அங்கே உடனே செல்லாது, முதலில் முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டித் துடைக்கும் வேலைதானாம். சனிக்கிழமை விமானம்.

"அங்க வாசக்கதவைத் தெறந்து வச்சாலே மீன் ஒறஞ்சிடுமாமே, அப்புறம் ஐஸ் மெக்கானிக் எதுக்கு?" என்றார் ஹாஜியார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமைக்குள் தட்டு வருமா வராதா என்பதுதான் மனதில் ஓடியது. உண்மையில் தட்டுக்காக இல்லை. அவள் என்னை மன்னிக்காமலே கடல் தாண்டிவிட்டால், மிச்ச வாழ்நாள் முழுக்க மேல் மாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்தானே என் காதில் விழும்?

அந்த வாரம் கட்டடமே சமைத்தது. பிரியாவிடை என்று ஆளுக்கொரு தட்டு மேலே போனது, திராட்சை இலைச் சுருள், பால்சோறு, பொரித்த மீன். இன்ஷிராஹ் விடுவாளா? பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தட்டையும் நிரப்பித் திருப்பினாள். நிரம்பி வந்த தட்டைப் பார்த்தவர்கள் மறுபடி நிரப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை ஷௌகி படிக்கட்டில் நின்று கத்தினான்.

"எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புடுறேன்! அடுப்பை வித்தாச்சு, பாத்திரத்தை வித்தாச்சு. இனிமே யாராவது தட்டு அனுப்பினா நாங்க கனடா போகமாட்டோம், அந்த வீட்டுலயே குடிவந்துடுவோம்!"

"வா, உன்னை யாரு வேணாம்னா!" என்று இரண்டாம் மாடியிலிருந்து உம்மு வாயில் பதிலுக்குக் கத்தினாள்.

அடுப்பு போன பிறகு இன்ஷிராஹ் வேறு வழி கண்டுபிடித்தாள். மிச்சமிருந்த தட்டுகளில் ஆரஞ்சுப் பழமும் ஒரு பாக்கெட் ஊசியும் வைத்து வீடு வீடாக இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தரைப் பிடித்து உட்காரவைத்து, ஆரஞ்சில் குத்தி ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள். அவள் போன பிறகு யாரும் அல்லாடக்கூடாதாம். உம்மு வாயிலின் பயல் முதல் குத்திலேயே சாற்றைத் தன் கண்ணில் பீய்ச்சிக்கொண்டானாம்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணி. கதவைத் திறந்தேன். இன்ஷிராஹ் நிற்கிறாள், கையில் என் நீலக்கரைத் தட்டு. அதில் நாலு ஆரஞ்சு. அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

நாலு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓடிப்போய்க் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஊசியைக் கையில் கொடுத்தாள். நான் குத்தப் போனதும் ஆரஞ்சு உருண்டு ஓடியது.

"ஆரஞ்சுதானே, கொலையா பண்றீங்க? குத்துங்க."

"எனக்கு முடியாதும்மா."

நாற்காலியிலிருந்து ஹாஜியார் குரல் கொடுத்தார். "நாப்பது வருஷமா நாக்கால குத்துறவளுக்கு ஊசியால குத்தத் தெரியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது, ஜபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். நான் ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"இன்ஷிராஹ், அன்னிக்கு நான் சொன்னது மகா பாவம். உனக்கு வலிக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். தப்பு என்னோடது."

அவள் ஆரஞ்சின் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தபடி இருந்தாள்.

"மறக்கல, உம்மு ரஷா. மறக்கவும் மாட்டேன். உங்க தட்டை நெரப்ப நாலு வருஷமா எனக்குக் கை வரல. காலியாக் குடுக்கவும் மனசு வரல. இப்படியே பொட்டியில போட்டுட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஹாஜியாருக்கு யாரு போடுவா?"

"நான் போடுறேன்."

"அப்போ ஊசியை நேராப் பிடிங்க. சாய்ச்சா மருந்து வெளிய வந்துடும்."

நாலு ஆரஞ்சையும் சல்லடையாக்கினேன். வெள்ளிக்கிழமை காலை அவள் பக்கத்தில் நிற்க, ஹாஜியார் வயிற்றில் நானே போட்டேன். "இவ கையைவிட உன் கை பரவால்ல" என்று பொய் சொன்னார் மனுஷர். இன்ஷிராஹ் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்குள் போய் அழுதேன்.

அங்கே தட்டுகளை அடுக்கும்போதுதான் மனது கனத்தது. பன்னிரண்டும் சேர்ந்துவிட்டது. அவளிடம் என்னுடையது என்று இனி ஒன்றுமில்லை, என்னிடம் அவளுடையது என்றும் ஒன்றுமில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு எதைச் சாக்கிட்டு என்னை நினைப்பாள்? பெருநாளும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் பிஸ்கட்டுக்கு மாவைப் பிசைய உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மதியம் டாக்சி வாசலில் நின்றது. கட்டடமே பால்கனியில் தொங்கியது. ஷௌகி மூன்றாவது முறையாகப் பெட்டியைத் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நாலு மாடி இறங்கி வந்து, பிஸ்கட் அடுக்கித் துணியில் கட்டிய நீலக்கரைத் தட்டை டாக்சியில் உட்கார்ந்திருந்த இன்ஷிராஹ் மடியில் வைத்தேன்.

"ஐயோ, மறுபடியும் தட்டா!" ஷௌகி தலையில் கை வைத்துக்கொண்டான். "கண்ணாடி! ஒரு கிலோ தேறும்!"

"உன் வாயை எறக்கி வச்சுட்டுப் போ, பத்து கிலோ கொறையும்" என்றேன்.

இன்ஷிராஹ் துணியைத் தடவிப் பார்த்தாள். என்ன தட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதை நான் எப்படித் திருப்பித் தர்றது?"

"அது உன் பாடு" என்று சொல்லி டாக்சிக் கதவைச் சாத்தினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில்தான் தொலைபேசியில் பேசினாள், அவளுக்கு அங்கே நடுராத்திரி. வாசல் வரைக்கும் பனியாம். ஷௌகிக்கு அங்கே பேச ஆள் இல்லாமல் மீனோடு பேசுகிறானாம். அவள் ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாளாம், ஹாஜியார் மாதிரியே புலம்புகிறாராம். எதிர்வீட்டு வெள்ளைக்காரி முதல் வாரம் கண்ணாடிக் கிண்ணத்தில் ஆப்பிள் பண்டம் ஏதோ கொண்டுவந்து கொடுத்தாளாம்.

"கிண்ணத்தைக் காலியாவா குடுக்கறது? உங்க பிஸ்கட்ல மிச்சமிருந்ததைப் போட்டுக் குடுத்தேன். அவ அரண்டுபோயிட்டா. மறுநாளே அதே கிண்ணத்துல கேக் கொண்டாந்துட்டா. இங்கயும் ஆரம்பிச்சாச்சு, உம்மு ரஷா."

"என் தட்டு?"

"அலமாரியில காலியா இருக்கு. அதுல நாங்க எதையும் வைக்கிறதில்ல, நெரப்பிக் கொண்டாந்து உங்க கையில குடுக்கற வரைக்கும்."

மணியைப் பார்த்தேன். ஹாஜியாருக்கு ஊசி போடும் நேரம். இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவப் போனேன்.