சுரங்க வாசலில் ஒரு சோடி குறைகிறது

யுத்தம் முடிந்து ஒரு வருடம். மட்டக்களப்புக் கோட்டைக்குள், தரைக்கடியில் வாவிப் பக்கமாக இறங்கும் பழைய ஒல்லாந்தர் சுரங்கத்தைப் பார்க்க நாலு பேர் நிற்கிறோம். வழிகாட்டி மேரி அக்கா டோர்ச்சை எடுத்தபடி, "செருப்பெல்லாம் வாசல்ல கழட்டி வைங்க" என்கிறார். இதென்ன கோயிலா என்று எனக்கு எரிச்சல். என் சப்பாத்து வேறு புதிது. யாரும் பார்க்காத நேரத்தில் பைக்குள் வைத்துவிடுகிறேன்.

உள்ளே ஈரச் செங்கல், வௌவால் எச்சத்தின் நெடி. கொஞ்சத் தூரத்திலேயே மண் சரிந்து வழி அடைபட்டிருக்கிறது. திரும்பி மேலே வருகிறோம். யாரும் செருப்பைத் தொடுவதற்கு முன் அக்கா சோடிகளை எண்ணுகிறார், பிறகு எங்களை எண்ணுகிறார். முகம் மாறுகிறது.

"தம்பி, ஒங்கட எங்க?"

பையைத் திறந்து காட்டுகிறேன். "களவு போயிடுமெண்டு..."

"சண்டையில செல் அடிக்கக்குள்ள பங்கர் வாசல்லதான் செருப்ப விட்டுட்டு இறங்குவம். மண் மூடினா எத்தின பேரத் தோண்டி எடுக்கோணுமெண்டு வெளிய நிக்கிற ஆக்களுக்குத் தெரியோணுமே." குரல் தணிகிறது. "சுனாமியில அதுவும் இல்ல. வாசல்ல கிடந்ததெல்லாம் கடலோட போயிற்று. அண்டைக்கு நான் வீட்டில இல்ல. உள்ள ஆர் ஆர் இருந்தாங்களெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா."

நான் சப்பாத்தை எடுத்து மற்றச் சோடிகளுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

அக்கா முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்.