கூடத்து நாடகக்காரர்

கடை ஜன்னலைத் துடைத்து முடித்ததும் ஒத்தகார் பின்னோக்கியே நடந்து டிராம் தண்டவாளம் வரை போவார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திரும்பி வந்து துணிக்கடைப் பெண்ணிடம், "அந்தப் பொம்மைய கொஞ்சம் இடப்பக்கம் தள்ளும்மா. மூஞ்சில வெளிச்சமே விழல" என்பார். பிர்னோ நகரத்தில் கண்ணாடி துடைக்க வந்தவர் பொம்மைக்கு இடம் சொல்வது அவளுக்குப் பழகிவிட்டது.

நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் புகுந்ததை உதவி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னது அரசாங்கம். மாட்டேன் என்றார். நகர நாடக அரங்கின் இயக்குநராக இருந்தவர் ஏணியும் வாளியுமாகத் தெருவுக்கு வந்தது அப்படித்தான். அந்த அரங்கின் ஜன்னலை மட்டும் இன்றுவரை தொட மாட்டார். திரைச்சீலையின் தூசி வாசனையும், முதல் காட்சி முடிந்து எல்லோரும் ஒரே மேசையில் பீர் குடித்துக் கத்தியதும் நினைவுக்கு வந்துவிட்டால் மனிதருக்கு அன்றைக்குக் கை ஓடாது.

ஆசை விடுமா? ஞாயிறு மதியம், பன்றிக்கறியும் மாவுருண்டையும் தின்றுவிட்டுக் கட்டடமே கண்ணயரும் வேளையில் அவர் வீட்டுக் கூடத்தில் நாடகம் நடக்கும். நடிப்பவள் யித்கா. அரங்கில் இன்னும் வேலையில் இருக்கிறாள். விஷயம் வெளியே போனால் அந்த வேலையும் போகும். அதனால் வருகிறவர்கள் செருப்பை வாசலில் விடக்கூடாது, கையோடு உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது ஒத்தகாரின் கண்டிப்பு.

சொல்லி என்ன பயன்? பனி கொட்டிய ஒரு ஞாயிறன்று அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தில் ஈர பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு நுழைந்தார்கள். பூட்ஸ் வரிசை படிக்கட்டில் இறங்கிவிட்டது. யித்கா பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே ஏதோ உருண்டது. ஒத்தகார் எழுந்தார். போய்க் கதவைத் திறந்தார்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷெப்கோவா அம்மாள் நின்றிருந்தாள். முன்பு அதே அரங்கில் பார்வையாளர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டியவள். இப்போது இங்கே யார் வந்துபோகிறார்கள் என்று போலீசுக்குச் சொல்வதும் அவள் வேலைதான். அவளுடைய மேலங்கி மடி நிறைய பூட்ஸ்.

"திருட்டு நாடகம் போடறவங்க இப்படியா கடை பரப்புவீங்க, டைரக்டர் சார்? கீழ்வீட்டுக்காரரு எந்திரிக்கிற நேரம். அவரு பாத்துட்டா அப்புறம் என்னாலயும் மறைக்க முடியாது. புடிங்க."

இருவருமாக எல்லாவற்றையும் நடைக்குள் அள்ளிப் போட்டார்கள். கதவைச் சாத்திய பிறகும் அம்மாள் நகரவில்லை. யித்காவின் குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னே மாதிரி இருக்கிறதா என்று ஒத்தகார் மெல்லக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? அத்தன வருஷமும் கோட்டுக்குத்தான காவல் இருந்தேன். உங்க நாடகம் ஒண்ணுகூட பாத்ததில்ல."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் இவளிடம்தான் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். நாடகம் பார்த்தாயா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

அம்மாளைக் கைப்பிடித்து அழைத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு நடைக்குத் திரும்பி, கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, பூட்ஸுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துகொண்டார்.