தாகிர் மாமா மாதிரி பேசிக் காட்டியது

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மகன் பேசினான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் ஆண்டு விழாவாம், ஆளுக்கொரு நிகழ்ச்சி செய்ய வேண்டுமாம்.

"எங்க மேனேஜர் மாதிரி பேசிக் காட்டலாம்னு இருக்கேன்ப்பா. நீங்க அந்தக் காலத்துல இதுல பெரிய ஆளாம்ல, அம்மா சொன்னாக. யாரைப் பண்ணா நல்லாருக்கும்னு எப்படிப் பாப்பீக?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இன்னும் சொல்லவில்லை.

பெரிய ஆளெல்லாம் இல்லை. கெங்குவார்பட்டி பஸ் கண்டக்டர் மூக்காலேயே ஊர்ப்பெயர்களை அடுக்குவது. வீரபாண்டித் திருவிழா மைக்கில் ஒருவர் காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைக் கொட்டாவியோடு அறிவிப்பது. தோட்டத்து டீசல் என்ஜின் இருமி இருமிக் கிளம்புவது. இந்த மூன்றை வைத்தே நாலைந்து வருடம் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் ஒப்பேற்றினேன். கறிச்சோறு சாப்பிட்டு வெற்றிலை போட்டவர்கள் எதற்கும் சிரிப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எல்லாம் என் திறமை என்றே நம்பினேன்.

ஆள் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாத ஆளாகவும் இருக்க வேண்டும். இரண்டாவதை யாரிடமும் சொன்னதில்லை. மகனிடம் எப்படிச் சொல்வது?

இப்போதும் பன்னீர் திராட்சையின் வாசனை வந்தால் எனக்கு முதலில் பழம் ஞாபகத்துக்கு வருவதில்லை, ஒரு கறுப்புத் தொலைபேசிதான் வருகிறது. உத்தமபாளையத்தில் ஒரு திராட்சை மண்டியில் எனக்கு முதல் வேலை. ஓடைப்பட்டிப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் பழத்தைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கிக் கேரளத்துக்கு அனுப்புவார்கள். அந்த வியாபாரிகளோடு தொலைபேசியில் பேசுவதற்கென்றே இருந்தவர் அபுதாகிர். ஐம்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். மலையாளம் தண்ணீராக ஓடும். எதிர்முனையில் சொல்வதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லித்தான் எழுதிக்கொள்வார். "நாப்பது பெட்டியா? நாப்பது பெட்டி. கோட்டயமா? கோட்டயம்." ஒரு நாளும் ஒரு பெட்டி தவறிப் போனதில்லை.

எங்கள் முதலாளி பேத்திக்குக் காதுகுத்து வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸும் என்ஜினும் எல்லோரும் பார்த்துச் சலித்தவை. புதிதாக வேண்டும். என் கணக்குக்குத் தாகிர் மாமா கச்சிதமாகப் பொருந்தினார்.

பழகுவதற்காக அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கவனித்தேன். ஒரு நாள் என் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. வாசலில் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் மற்றவையும் விளங்கின. ரிசீவரை எப்போதும் இடது காதிலேயே அழுத்திக்கொள்வது, யாராவது வந்தால் நாற்காலியைத் திருப்பி அவர்கள் வாயைப் பார்ப்பது, திருப்பித் திருப்பிச் சொல்வது. மனிதர் காது போய்க்கொண்டிருப்பதை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நல்ல சரக்குக் கிடைத்தது என்றுதான் தோன்றியது.

தென்னந்தோப்பில் பந்தல். முன்வரிசையில் தாகிர் மாமா, அவருக்கு நேர் பின்னால் முதலாளி. நான் ஒரு செருப்பைக் காதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கோட்டயத்து வியாபாரி, மழை பெய்கிறது, 'நாளெ லோடு வேண்டா' என்கிறார். தாகிர் மாமா, 'நாலு லோடா? நாலு லோடு' என்று எழுதிக்கொள்கிறார். வியாபாரி கத்தக் கத்த லாரி கூடிக்கொண்டே போகிறது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தாகிர் மாமாவும் என்னையே பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்.

முதலாளிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். சாதாரணக் குரலில், "தாகிரு," என்றார். இவர் திரும்பவில்லை. "தாகிரு, ஒன்னையத்தான்." பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். "தாகிரு, இங்கன பாரு." பந்தலே அமைதியாகிவிட்டது. அவர் மட்டும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தொலைபேசி என் மேசைக்கு வந்தது. அவரைப் பெட்டி எண்ணும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் அங்கே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"வா மாப்ளே," என்றார். "அன்னைக்கு நல்லாச் செஞ்ச. போனைப் பிடிச்சது அப்படியே நான் பிடிக்கிற மாதிரியே இருந்துச்சு. எல்லாரும் அந்தச் சிரிப்புச் சிரிச்சாகளே, நான் என்ன சொன்னேன்னு சிரிச்சாக?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மலையாளம் பேசுற அழகத்தான் மாமா செஞ்சேன்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்காமலே திரும்பி வந்தேன். அந்தப் பருவம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டுக் குமுளியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரப் பயணம். ஏலக்காய் வாங்கக் குமுளிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்தத் தெருப்பக்கம் போனதில்லை.

அதற்குப் பிறகு நான் எந்த விசேஷத்திலும் எதுவும் செய்து காட்டவில்லை. மண்டி இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. வைக்கோல் போட்ட பெட்டிகளும் போய்விட்டன, எல்லாம் அட்டைப்பெட்டி. தோட்டத்துக்காரரே செல்போனில் கோட்டயத்துக்குப் பேசிவிடுகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது ஒரு பெண் வந்து நின்றாள். தாகிர் மாமாவின் மகளாம்.

"அத்தா மௌத்தாகி, எங்கள விட்டுப் போயி ஆறு வருசமாச்சுண்ணே," என்றாள். "ஒங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாக. என்னைய மாதிரியே மலையாளம் பேசிக் காட்டுன பய, எல்லாரும் கைதட்டுனாகன்னு வர்றவுககிட்டயெல்லாம் சொல்லுவாக."

நான் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"அத்தா குரல் எங்கயும் இல்லண்ணே. காது கேக்காததால போன்ல பேசவே மாட்டாக. பதிஞ்சு வைக்கணும்னு எங்களுக்கும் தோணல. பிள்ளைகளுக்குக் கேக்க ஆசை. ஒரே ஒரு தடவ அவுக மாதிரி பேசுங்கண்ணே."

வாயைத் திறந்தேன். 'நாலு லோடா' தான் வந்து முட்டியது. அது அவர் சொன்னதே இல்லை, நான் கட்டியது. தினமும் மத்தியானம் "சாப்டியா மாப்ளே" என்று கேட்பாரே, அந்தக் குரலைத் தேடினேன். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதன் மேலெல்லாம் என் குரல்தான் ஏறி உட்கார்ந்திருந்தது.

"மறந்துபோச்சும்மா," என்றேன்.

"பரவால்லண்ணே, வருசம் ஆச்சுல்ல," என்றாள். பதிவு செய்வதற்காகக் கையில் எடுத்து வைத்திருந்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.