பரிவட்டம் கட்டிய கிட்டார்

ஆட்டையாம்பட்டி சாலையில் இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தோம். என் தோளில் ஒலிபெருக்கிப் பெட்டி. அவர் தோளில் கிட்டார், தலையில் பரிவட்டம். உச்சி வெயில். வெண்ணந்தூரில் பஸ் கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும், "இதென்ன கோழிக்கூண்டா? மேலயும் எடமில்ல, கீழயும் எடமில்ல" என்று விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டார். அதனால் நடை. என் இடது கால் செருப்பு ஒரு சைஸ், வலது கால் செருப்பு வேறு சைஸ். இரண்டும் வெவ்வேறு ஊரில் கிடைத்தவை.

"பாய், அந்தத் துணிய அவுத்துருங்க. எதிர்ல வர்றவங்க எல்லாம் கும்பிடறாங்க."

"வெயிலுக்கு நல்லா இருக்குடா" என்றார் அவர்.

அன்று காலை வரை அவர் சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றின் கிட்டார்காரர். நான் அதே குழுவில் ஒயர் சுற்றுகிறவன், பெட்டி தூக்குகிறவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, டீக்கடை, ஜவ்வரிசி மில், லாரி பட்டறை என்று எங்கும் தங்காமல் அலைந்து அங்கே வந்து சேர்ந்திருந்தேன். கச்சேரி நடக்கும் ஊரில் சோறு போடுவார்கள் என்பதைத் தவிர எனக்கும் இசைக்கும் சம்பந்தம் கிடையாது.

அவருக்கு இருந்தது. அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சேலத்தில் பழைய இரும்புக் கடை. ஏற்காட்டில் யாரோ ஒரு பங்களாவைக் காலி செய்தபோது, ஓட்டை வாளிகளோடு ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு கட்டு இங்கிலீஷ் இசைத்தட்டும் எடைக்கு வந்தன. அதைப் போட்டுக் கேட்டுத்தான் பாய் கிட்டார் பழகினார். பாதித் தட்டுகளில் கீறல். கீறல் வந்த இடத்தில் முள் தாவும். தாவுவதும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து அதையும் சேர்த்தே பழகிவிட்டார். அதனால் அவர் வாசித்தால் ஒரு இடத்தில் தாளம் நொண்டும், இன்னொரு இடத்தில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். நடுவில் கிட்டார் ஊளையிடும். சிலர் மேதை என்றார்கள். சிலர் கை சரியாகப் படியவில்லை என்றார்கள். இரண்டு குழுக்கள் அவரை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தன. "இந்தக் குழுவுலயும் வேணாம்னுட்டா, பேசாம வந்து தராசுக்கிட்ட உக்காரு" என்று அத்தா சொல்லியிருந்தார். பாயும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

முந்தின ராத்திரி வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் பண்டிகைக் கச்சேரி. எங்கள் ஓனர்தான் முதன்மைப் பாடகர். ஒரு சோகப் பாட்டை அவர் கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது, கிட்டாரில் ஒரு கம்பி முறுக்குத் தளர்ந்து நழுவியது. கீச்சென்று ஒரு சத்தம். ஓனர் ஒரு கண்ணைத் திறந்தார். பாய் அந்தச் சத்தத்தை மறுபடி எழுப்பினார். ஓனர் இரண்டாவது கண்ணையும் திறந்தார். கூட்டத்தில் பாதி விசிலடித்தது, பாதி காதைப் பொத்தியது.

காலையில் கிளம்பலாம் என்று ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தால், கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. விவாதத்தை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் விசைத்தறி முதலாளி, பண்டிகைக் கமிட்டித் தலைவர். இன்னொருவர் போர்வெல் ரிக் லாரி வைத்திருப்பவர். இருவரும் மாமன் மச்சான். ஒருவர் பந்தலைக் கிழக்கே பார்த்துப் போடச் சொன்னால், இன்னொருவருக்கு அன்றைக்கு மேற்குதான் பிடிக்கும்.

"ஏனுங்க மச்சான், அது என்ன வாசிப்புங்க? தறியில எழ அறுந்தா டக்குனு நிறுத்தோணும். நிறுத்தாம ஓட்டுனா துணி என்னத்துக்காகும்? இந்தப் பையன் அறுந்த எழையோட ஓட்டுறான்" என்றார் தறிக்காரர்.

"உங்களுக்குத் தறிய உட்டா என்ன தெரியும் மாப்ள? ரிக்கு பாறையில எறங்கறப்ப இதே சத்தந்தான் வரும். அது கேட்டா எனக்குச் சந்தோசமா இருக்கும். அடியில தண்ணி இருக்குதுன்னு அர்த்தம்!"

"அம்மன் மேடையில எதுக்குங்க ரிக்குச் சத்தம்?"

"அம்மன் தண்ணி குடிக்க மாட்டாங்களா?"

ஓனருக்கு இது வசதியாகப் போயிற்று. நீண்ட நாளாகப் பாயை இறக்கிவிடக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, "ஊர் சொல்றதுதாங்க எனக்கு உத்தரவு. வேண்டாம்னா இவரை இன்னியோட நிறுத்திடறேன். வேணும்னா வச்சுக்கறேன்" என்றார்.

ஊர் என்றால் இரண்டு பாதி. ஆகவே பூ கேட்பது என்று முடிவாயிற்று. கல்யாணம், கிணறு வெட்டு, நிலம் வாங்குவது என்று எதுவும் அந்தப் பக்கம் பூ கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று எடுத்துத் தரும். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. கிட்டாருக்குப் பூ கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"ஆத்தா, இந்தத் தம்பி வாசிச்சது உனக்குச் சம்மதமா?" என்று பூசாரி உரக்கக் கேட்டார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பாயின் முகத்தைப் பார்த்தேன். தராசுத் தட்டு அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளை.

தறிக்காரர்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் ராத்திரியே நெனச்சனுங்க, எழ அறுந்தாலும் ஓட்டறான்னா அவன் சாதாரண ஆளில்லைன்னு." பூசாரி பரிவட்டத்தோடு வெளியே வந்தார். வருடா வருடம் அது எங்கள் ஓனர் தலைக்குத்தான் முதலில் வரும். பழக்கத்தில் அவர் தலை குனிந்து நின்றார். பூசாரி அவரைத் தாண்டிப் போய்ப் பாய் தலையில் கட்டினார்.

"நீங்க என்ன கூட்டமுங்க சாமி?" என்று குலத்தை விசாரித்தார்.

"பழைய இரும்புங்க" என்றார் பாய்.

பூசாரி பக்தியோடு தலையாட்டினார். ஓனர் இன்னும் குனிந்தபடியே நின்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் பாய் பிழைத்திருப்பார். தறிக்காரர் கையைக் கூப்பி, "சாமி, ஆத்தா ஒத்துக்கிட்ட அதே வாசிப்ப இன்னொருக்கா, அச்சு மாறாம வாசிங்க" என்றார். பெட்டியை இணைத்தேன். அது வேலை செய்ய வேண்டுமென்றால் வலப்பக்கம் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும், தட்டினேன். பாய் வாசித்தார். அது வேறு எதுவோ. நொண்டல் வேறு இடத்தில் வந்தது, கீச்சொலி வரவே இல்லை. அவர் எதையும் இரண்டாவது தடவை அதேபோல் வாசித்து நான் கேட்டதில்லை.

"இது அதில்லீங்களே" என்றார் தறிக்காரர்.

"இதான் அதவிட நல்லாருக்குது" என்றார் ரிக்குக்காரர்.

"ஆத்தா இதுக்குப் பூக் குடுக்கலீங்களே மச்சான்! ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒருக்காப் பூக் கேக்கோணுமா?"

ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தச் சத்தத்தில் ஓனர் பாயின் அருகில் வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அம்மனே ஒத்துக்கிட்ட வித்வான் நீங்க. எங்க சின்னக் குழுவுக்குத் தாங்காதுங்க. பெட்டியும் உங்களதுதானே, எடுத்துக்குங்க. சிரிச்சானே, அவனையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

இப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தோம். ஒரு புளியமரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பாய், உண்மையச் சொல்லுங்க. அந்தக் கீச்சு தப்புத்தானே?"

"மொதத் தடவ தப்பு. கம்பி நழுவிருச்சு."

"அப்புறம்?"

"நல்லா இருந்துச்சு. அதான் திருப்பி வாசிச்சேன்." கொஞ்சம் யோசித்து, "காலைல அதத்தான்டா தேடுனேன். கெடைக்கல" என்றார்.

பின்னால் ஜீப் ஒன்று வந்து நின்றது. ரிக்குக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பரிவட்டத்தைக் கும்பிட்டார். "சாமி, எங்க ஊட்டு விசேசத்துக்கு நீங்கதான் வாசிக்கோணும்."

பாயின் முகம் மலர்ந்தது. "எப்பங்க?"

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்த பூக் கேட்டுட்டுச் சொல்லி உடறனுங்க." என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீ சும்மாதான இருக்கற? நம்ம ரிக்குல ஒரு ஆள் கொறையுது. காலைல வந்துரு." என்னை வேலைக்கு எடுக்க அவர் யாரையும் கேட்கவில்லை.

ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கி ஆளுக்குப் பாதி தின்றோம். சேலம் பஸ்காரர் நல்ல மனுஷர், பெட்டியைக் கூரையில் ஏற்றிக்கொண்டார். பாய் பரிவட்டத்தை அவிழ்த்துக் கிட்டாரின் கழுத்தில் சுற்றினார். "அத்தா கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன். "அம்மன் வச்சுக்கச் சொன்னாங்க, ஓனரு வேணாம்னுட்டாருன்னு சொல்வேன். அவரு ரெண்டாவதத்தான் கேப்பாரு" என்று சொல்லிப் படியேறினார்.

மறுநாள் காலை ரிக்கில் நின்றேன். ஒரு மஞ்சள் காட்டு ஓரம். கம்ப்ரஸர் உறுமியது, வெள்ளைப் புழுதி மேலே வந்தது. சற்று நேரத்தில் பாறைக்குள்ளிருந்து அதே கீச்சொலி கேட்டது. நான் துள்ளினேன். "அண்ணே, தண்ணி!"

துளை போடுகிற மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் மண்டையில் ஒன்று வைத்தார்.

"யார்ரா சொன்னா?"

"ரிக்கு ஓனர் சொன்னாருங்க. இந்தச் சத்தம் வந்தா அடியில தண்ணியாம்."

"அவரு எந்தக் குழிகிட்ட வந்து நின்னாரு? பாறையத் தொளைக்கற பிட்டு தேஞ்சு வழுக்குதுடா. உட்டா உள்ளயே மாட்டிக்கும். இந்தச் சத்தம் வந்தா உடனே கத்தோணும், நான் நிறுத்தோணும். அதான் உன் வேலை, புரிஞ்சுதா?"

புரிந்தது. அந்நேரம் சேலத்தில் பாய் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பிட்டை மாற்றி மறுபடி இறக்கினார்கள். வெகுநேரம் கழித்து அந்தச் சத்தம் திரும்ப வந்தது. கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் கத்தினேன்.