எனக்குக் கிடைத்த கைதட்டல்

பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருந்தபோது, பதுளையில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு தன்னம்பிக்கைக் கூட்டம் வைத்தார்கள். டவுன் கடைக்காரர்களின் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தார்கள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன நாங்கள் பின்னால்.

ஆளுக்கொரு கனவைச் சொல்லச் சொன்னார்கள். கூட்டத்தின் செலவை ஏற்ற புடவைக்கடை முதலாளியின் மகன் "டாக்டர்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். என் பக்கத்திலிருந்த செல்வியும் "டாக்டர்" என்றாள். முன்வரிசை சிரித்தது.

அடுத்தது நான். சட்டம் படித்து லோயர் ஆகணும் என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

"ஏதாவது ஒரு கடையில வேலை கெடச்சா போதுங்க."

மண்டபமே கைதட்டியது.

"இதுதான் நல்ல புள்ள. நம்ம கடைக்கே வாம்மா" என்றார் முதலாளி.

வீட்டில் அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த வாரமே வேலைக்குச் சேர்ந்தேன். பரீட்சை எழுதவில்லை.

முதலாளியின் மகன் அந்தப் பரீட்சையில் இரண்டு தடவை பெயிலானான். இப்போது கனடா போய்ப் படிக்கப்போவதாகச் சொல்கிறான். "அதனால என்னடா, பாத்துக்கலாம்" என்று கல்லாவிலிருந்து முதலாளி அவனைத் தேற்றும்போது நான் புடவை மடித்துக்கொண்டிருப்பேன்.

அவனுக்குத் தோற்க இரண்டு தடவை கிடைத்தது. எனக்கு அந்தக் கைதட்டல் கிடைத்தது.