சிரிக்கும் பூசணிக்காய்

தசரா விடுமுறை விட்ட அன்று மாலை என் மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடுமுறையில் செய்ய வேண்டிய கைவேலைகள், எல்லாம் ஆங்கிலத்தில். தலைப்பு இலையுதிர் காலம். மைசூரில் அந்த மாதத்தில் மழை பெய்து தெருவெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்துக் கிடக்கும். எந்த மரமும் இலையை உதிர்க்காது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு இலைகளைப் பொறுக்கி அட்டையில் ஒட்டி வரவும் என்றது முதல் வரி. கழிவறைக் காகிதச் சுருள் தீர்ந்ததும் நடுவில் மிஞ்சுகிற அட்டைக் குழாயில் ஆந்தை செய்து வரவும் என்றது இரண்டாம் வரி. எங்கள் வீட்டுக் கழிவறையில் இருப்பது ஒரு வாளியும் ஒரு மக்கும்.

மூன்றாவது பூசணிக்காய். அதுதான் முக்கியம், பள்ளி திறந்ததும் கண்காட்சியில் வைப்போம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கூடவே மாதிரிப் படம். ஆரஞ்சு நிறத்தில், கண்ணும் மூக்கும் வெட்டி, பல்லை இளித்துக்கொண்டு இருந்தது. யாரோ எந்த நாட்டிலிருந்தோ எடுத்த படத்தின் மேல் பள்ளியின் பெயரை மட்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. குழுவில் எல்லாத் தாய்மார்களும் கைகூப்பும் பொம்மை போட்டு நன்றி சொன்னார்கள். நானும் போட்டேன்.

நான் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டது, எண்ணெய்க் கறை பட்டது, காலர் கோணியது எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். எங்கள் இருவருக்கும் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். மகள் மைசூரில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவாள். அந்தப் பள்ளியில் இடம் வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். முந்தைய ஆண்டுக் கண்காட்சியில் அவள் களிமண்ணில் செய்து கொண்டுபோன யானையை மேசைமேல் வைக்கவில்லை. மேசைக்கு அடியில், பிள்ளைகளின் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். "கொஞ்சம் நீட்டா பண்ண ஹெல்ப் பண்ணுங்க மேடம்" என்று மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு ஒரு வருடம் என் வயிற்றில் கிடந்தது. இந்த முறை அவளுடையது மேசைமேல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் குறி.

ஆயுத பூஜை அன்று தொழிற்சாலைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். தையல் இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கடைசியில் வெள்ளைப் பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமமும் காசும் திணித்து, சுற்றிப் போட்டு வாசலில் உடைப்பார்கள். அன்றைக்கு மைசூர் ரோடுகள் முழுக்க இதே கதிதான். சிவந்து நசுங்கிய பூசணிக்காய், சக்கரம் ஏறிய எலுமிச்சை, அதில் வழுக்கி விழும் ஸ்கூட்டர்கள், மொய்க்கிற ஈ. எனக்கு எப்போதுமே அருவருப்பு. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவேன். மகளோ உடைந்த துண்டின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தாலும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பள்ளி அனுப்பிய படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"இது உடையவே இல்லயேம்மா. ஆயுத பூஜைக்கு இத யாரும் எடுக்கலயா?"

"அது வேற ஊரு பூசணிக்கா கண்ணு. அதே மாரி செய்யோணும்."

"பேடா. நான் நம்மூருது செய்றேன்."

பேடா என்றால் வேண்டாம். கன்னடத்துக்கு மாறிவிட்டாள், இனி பேசிப் பயனில்லை.

மறுநாள் மைதாவில் பசை காய்ச்சித் தரச் சொன்னாள். அதோடு என் உதவி முடிந்தது. ஒரு பலூனை ஊதி, கன்னடப் பேப்பரைப் பட்டை பட்டையாகக் கிழித்து, அடுக்கு அடுக்காக ஒட்டினாள். மழையில் காயவில்லை. விடுமுறையிலும் தினமும் பள்ளி நாளில் எழுகிற நேரத்துக்கே எழுந்து தொட்டுப் பார்ப்பாள். நான்காம் நாள் காய்ந்ததும் பலூனை உடைத்து, ஒரு பக்கத்தைப் பிய்த்து வாயைப் பிளந்தாள். உள்ளே குங்குமம். வெளியே பச்சை பூசி, மேலே என் முகப் பவுடரைத் தூவினாள். வெள்ளைப் பூசணியின் மேல் சாம்பல் படிந்திருக்கும் இல்லையா, அதற்கு. அட்டையில் வெட்டிய ஒரு காசு. கடைசியாக அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஈ என்றாள்.

இன்று நினைத்தால் அந்தக் கடுகுக்காகவே அவளைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. விளிம்பு நேராக இல்லை. பசை வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. பச்சைக்கு அடியில் செய்தித்தாளின் எழுத்து தெரிகிறது. வேலை செய்கிற இடத்தில் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தேன். இது மேசைக்கு அடியில்தான் போகும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து மண்டி மொஹல்லாக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே சந்துக்குள் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் பள்ளிக்கூடப் பிராஜெக்ட் ரெடிமேடாகக் கிடைக்கும் என்று கூட வேலை செய்கிற பெண் சொல்லியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் "எஷ்டனே கிளாஸு?" என்று, எந்த வகுப்பு என்பதை மட்டும் கேட்டார். எங்கள் குழுவில் வந்த அதே பட்டியல் அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. மேலே கயிற்றில் ஆரஞ்சு பூசணிக்காய்கள் வரிசையாகத் தொங்கி இளித்தன. அவரிடம் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று சுத்தமாகச் செய்தது. இன்னொன்றில் ஒரு கண்ணை வேண்டுமென்றே கோணலாக ஒட்டியிருந்தார்கள். குழந்தையே செய்ததுபோல் தெரிய வேண்டும் என்கிறவர்கள் இதைத்தான் வாங்குவார்கள் என்றார். கோணலையும் காசுக்குச் செய்து விற்கிறார்களே என்று எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை. சுத்தமானதில் ஒன்றைக் கட்டித் தரச் சொன்னேன்.

மகள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. ரெண்டையும் கொண்டு போலாம்மா என்றாள். ஒருத்தருக்கு ஒண்ணுதான் வைப்பாங்க என்றேன்.

"அப்ப என்னுது?"

"ஊட்லயே இருக்கட்டும். நான் பத்தரமா வெச்சிருக்கறேன்."

பீரோவின் மேல் வைத்தேன். கண்காட்சியன்று காலை எழுந்து பார்த்தால் மைதாப் பசைக்கு எறும்பு வந்து, சுவரில் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. ஈரத்தில் குங்குமம் கரைந்து பீரோக் கதவில் சிவப்பாக வழிந்திருந்தது. ஒரு பக்கம் பூஞ்சை வாடை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தெருவில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். அவள் கிளம்புகிற நேரத்தில் அதையும் கொண்டுபோக அடம் பிடிப்பாளோ என்று யோசித்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டிக்கார அம்மா கையில் வாங்கி, ஈரக் குப்பையா உலர்ந்த குப்பையா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். உலர்ந்ததில் போடச் சொன்னேன். அவர் அந்தக் கடுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போட்டார்.

பள்ளி ஹாலில் நீள மேசையில் பதினோரு பூசணிக்காய்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர் எழுதிய சீட்டு. ஒன்பது மண்டி மொஹல்லாவில் கயிற்றில் தொங்கியவை. அவற்றில் நான்கு கோணல் கண். பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் என்னிடம் "இவனே உக்காந்து செஞ்சான், நான் தொடவேயில்ல" என்றாள். "இவளும்தான்" என்றேன். நாக்கு கூசவில்லை.

மகளுடையது மேசையின் நடுவில் இருந்தது.

பார்வையிட வெளியிலிருந்து ஒரு டீச்சரம்மாவை அழைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் எப்படிச் செய்தாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஃபோம் ஷீட் வெட்டினேன், பசை போட்டு ஒட்டினேன் என்று சொல்ல மகளுக்கு நான் இரவெல்லாம் பாடம் நடத்தியிருந்தேன். அவள் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் சொன்னாள்.

"அம்மா மைதாப் பசை காய்ச்சிக் குடுத்தாங்க. நான் பலூன் ஊதி, பேப்பரைக் கிழிச்சு மேல மேல ஒட்டினேன். மழைல காயல. நாலு நாள் ஆச்சு. அப்புறம் பலூனை உடைச்சுட்டு வெள்ளையா வர்றதுக்குப் பவுடர் போட்டேன். கடுகுல ஈ ஒட்டினேன்."

டீச்சரம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு முன்னால் இருந்தது ஆரஞ்சு நிற ஃபோம் பூசணிக்காய். அதில் பேப்பரும் இல்லை, பவுடரும் இல்லை, ஒரு கடுகுகூட இல்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் மிஸ்ஸும் பார்க்கவில்லை. டீச்சரம்மா வெரி நீட் என்று சொல்லி, என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். மற்றப் பெற்றோர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. எனக்கு அந்த ஹாலில் நிற்க முடியவில்லை. அந்த டீச்சரம்மாமேல், மிஸ்மேல், கடைக்காரர்மேல் எல்லாம் வந்த அருவருப்பு சுற்றிவிட்டு என்மேல் வந்து நின்றது. அங்கே பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு பையைத் திறந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்தாள். மிஸ்ஸிடம் கேட்டு வாங்கினாளாம். தன் பெயரை ஏற்கெனவே பென்சிலில் எழுதி வைத்திருந்தாள்.

"அம்மா, ஊட்டுக்குப் போயி இத என்னுதுக்கு ஒட்டலாம், சரியா?"

சரி என்றேன். எங்கள் ஸ்டாப்புக்கு இன்னும் ஏழு ஸ்டாப் இருந்தது.